வெட்டிய இடத்தில் தேங்குவது

எலியின் உடலிலிருந்து கட்டி ஒன்றை அறுத்தெடுக்கிறார்கள். அதை அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய சீவல்களாகச் சீவி, உப்புக்கரைசல் ஊற்றிய சிறு கண்ணாடிக் குடுவைக்குள் இட்டு, உடற்சூட்டில் வைத்து விடாமல் ஆட்டுகிறார்கள். 1920களின் தொடக்கத்தில் பெர்லினின் டாலெம் பகுதியில், ஓட்டோ வார்பர்க்கின் ஆய்வகத்தில் நடந்த வேலை இது. சீவலின் தடிமனுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. ரத்தக் குழாய்கள் அறுபட்ட திசுவுக்குள் ஆக்சிஜன் வெளியிலிருந்து ஊறித்தான் போயாக வேண்டும். சீவல் தடித்துவிட்டால் அதன் நடுப்பகுதி மூச்சில்லாமல் கிடக்கும். அளப்பது திசுவின் இயல்பையா, அதன் திணறலையா என்று தெரியாமல் போய்விடும். எந்தத் தடிமன்வரை ஆக்சிஜன் நடுப்பகுதியை எட்டும் என்பதற்கு வார்பர்க் சூத்திரமே எழுதிவைத்தார். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். அவர் எடுத்த முடிவுகளில் முக்கியமான ஒன்றை ஏற்க முடியாதபோதும் அந்த மதிப்பு குறையவில்லை.

சர்க்கரையைப் பிளந்து திசு உண்டாக்கும் லாக்டிக் அமிலத்தை அவர் நேரடியாக அளக்கவில்லை. கரைசலில் பைகார்பனேட் இருந்தது. திசுவிலிருந்து அமிலம் ஊற ஊற, அது பைகார்பனேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றும். மூடிய குடுவையில் அழுத்தம் கூடும். குடுவையோடு இணைந்த மெல்லிய கண்ணாடிக் குழாயில் திரவ மட்டம் ஏறும். அந்த ஏற்றத்தை மில்லிமீட்டரில் படித்துக் கணக்கிட்டால் எவ்வளவு அமிலம் உண்டானது என்று தெரியும். ஆனால் திசு அதே குடுவையில் மூச்சும் விடுகிறது. ஆக்சிஜனை உள்ளிழுக்கிறது, தன் பங்குக்குக் கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறது. மூச்சின் கணக்கையும் அமிலத்தின் கணக்கையும் பிரிக்க, திரவ அளவு வேறுபட்ட இரண்டு குடுவைகளில் ஒரே திசுவின் சீவல்களை இட்டு ஒப்பிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் சில மில்லிகிராம் திசுவிலிருந்து விடை கிடைத்துவிடும். அதற்கு முன்பு இவ்வளவு சிறிய துண்டின் வாழ்க்கையை இவ்வளவு நுட்பமாக எண்ணில் எழுத முடிந்ததில்லை.

அவர் முதலில் எடுத்துக்கொண்டது எலியிலிருந்து எலிக்கு ஒட்டி வளர்க்கப்பட்டுவந்த ஃபிளெக்ஸ்னர்-ஜோப்லிங் என்ற புற்றுக்கட்டி. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அது ஏராளமாக லாக்டிக் அமிலம் தந்தது. அதில் வியப்பில்லை, பெரும்பாலான திசுக்கள் அப்படிச் செய்யும். ஆக்சிஜன் தாராளமாக இருந்தபோதும் அது நிற்கவில்லை என்பதுதான் செய்தி. ஈஸ்டின் நொதித்தல் காற்றுப் பட்டதும் அடங்கிவிடுவதை 19ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்டர் காட்டியிருந்தார். இந்தக் கட்டியிலோ அடக்கம் சிறிதுதான். காற்றில்லாதபோது உண்டான அமிலத்தில் பெரும்பங்கு, காற்று இருக்கும்போதும் உண்டானது. ஒரு மணி நேரத்தில் அந்தச் சீவல் தன் உலர் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு லாக்டிக் அமிலத்தைக் கரைசலில் சேர்த்தது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு லாக்டேட்டாக, அதாவது லாக்டிக் அமிலத்தின் அயனியாக, பிளக்கும்போது செல்லுக்கு ஆற்றலாகக் கிடைப்பது இரண்டு ஏடிபி மட்டுமே. அதே குளுக்கோஸ் மைட்டோகாண்ட்ரியாவில் முழுக்க எரிந்தால் முப்பதை ஒட்டிக் கிடைக்கும். கையில் ஆக்சிஜன் இருந்தும் இந்தச் செல் ஏன் இப்படிச் செலவழிக்கிறது? மூச்சு பழுதுபட்டிருக்கிறது, அதனால்தான் என்றார் வார்பர்க். 1956இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியபோதும் அதே நிலையில் நின்றார்.

1924இல் வெளியான அளவுகளிலேயே அந்த முடிவுக்கு இடறலாக ஒரு திசு இருந்தது. அது எலியின் விழித்திரை. கட்டியல்ல, நோயுற்றதல்ல, ஆரோக்கியமான எலியின் கண்ணிலிருந்து எடுத்த, ஒளியை வாங்கும் மெல்லிய படலம். சீவவே தேவையில்லாத அளவுக்கு மெலிது. அதுவும் ஆக்சிஜனில் இருந்துகொண்டே ஏராளமாக லாக்டிக் அமிலம் தந்தது. எடுக்கும்போது விழித்திரை சிதைந்திருக்க வேண்டும் என்று வார்பர்க் கருதினார். கண்ணுக்குள் இருக்கும்போது அது அப்படி நடந்துகொள்ளாது என்பது அவர் எண்ணம். வேறு எதையும்விட இந்த இடம்தான் என்னை நிறுத்துகிறது. ஒரே கருவி, ஒரே கரைசல், ஒரே கை. கட்டியின் எண்ணை உண்மை என்று எடுத்துக்கொண்டவர், விழித்திரையின் எண்ணைக் காயத்தின் விளைவு என்று ஒதுக்கினார். பின்னாளில் பலரும் பல விலங்குகளில் அளந்து பார்த்ததில் விழித்திரை அப்படித்தான் வாழ்கிறது என்பது உறுதியாயிற்று. காற்றின் நடுவிலும் சர்க்கரையைப் பிளந்து லாக்டேட் தருவது ஒளியுணரும் செல்களின் அன்றாட வழக்கம்.

ஆனால் காயத்தைப் பற்றிய அவருடைய ஐயம் வெறுமனே எழுந்ததல்ல. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டு முழுக்கத் தசையில் எவ்வளவு லாக்டிக் அமிலம் இருக்கிறது என்று அளந்தவர்கள் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். ஓய்ந்திருக்கும் தசையிலும் அமிலம் நிறைய என்றார் ஒருவர், இல்லவே இல்லை என்றார் மற்றவர். 1907இல் கேம்பிரிட்ஜில் வால்டர் ஃபிளெட்ச்சரும் ஃபிரெடரிக் ஹாப்கின்ஸும் இந்தக் குழப்பத்தின் வேரைப் பிடித்தார்கள். அவர்கள் எடுத்தது தவளையின் தசை. தசையை நறுக்குவதும் அரைப்பதும்தான் அமிலத்தை உண்டாக்குகின்றன. அளக்கப்போன கைதான் அளவைக் கூட்டியிருக்கிறது. அவர்கள் தசையைப் பனிக்கட்டிக் குளிரில் வைத்த ஆல்கஹாலில் இட்டு, குளிர்ந்த நிலையிலேயே நசுக்கினார்கள். வேதிவினை ஓடுவதற்குள் நின்றுவிட்டது. ஓய்ந்த தசையில் அமிலம் மிகக் குறைவு என்று தெரிந்தது. காற்றில்லாமல் வைத்தால் சேர்கிறது, ஆக்சிஜன் தந்தால் மறைகிறது என்றும் தெரிந்தது. அந்த இரண்டாவது செய்தி இன்னும் பெரியது. சேர்ந்தது மறைகிறது என்றால் அது எங்கோ போகிறது. அதை எரிச்சலூட்டும் கழிவு என்று மட்டும் நினைத்தவர்கள் இந்த மறைவைப் போதுமான அளவு யோசிக்கவில்லை.

எலியில் இந்தச் சிக்கல் தவளையைவிடக் கடுமை, ஏனென்றால் எலிக்குச் சூடும் வேகமும் அதிகம். தலை துண்டிக்கப்பட்ட எலியின் மூளையில் ரத்தம் நின்ற சில நொடிகளிலேயே குளுக்கோஸ் சரிந்து லாக்டேட் ஏறத் தொடங்கிவிடும். மண்டையைத் திறந்து மூளையை வெளியே எடுக்கும் நேரத்துக்குள் அளக்க வந்த எண் காணாமல் போய், சாவின் எண் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். இத்தகைய தாமதத்தைத் தவிர்க்கத்தான் திரவ நைட்ரஜனில் குளிர்வித்த அலுமினிய இடுக்கிகளை 1960இல் வோலன்பெர்கரும் அவருடைய கூட்டாளிகளும் கொண்டுவந்தார்கள். துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தையோ கல்லீரலையோ அந்த இடுக்கியின் இரு தகடுகளுக்கிடையே அழுத்தினால், அது ஒரு நொடிக்குள் உறைந்த தகடாகிவிடும்.

கத்தி வருவதற்கு முன்பே அளவைக் கெடுக்கும் இன்னொன்றும் உண்டு. அது பயம். பிடிபட்ட எலி அஞ்சும், அட்ரினலின் சுரக்கும், தசையின் சர்க்கரைச் சேமிப்பான கிளைக்கோஜன் உடையும், ரத்தத்தில் லாக்டேட் ஏறும். அட்ரினலின் தந்த எலிகளின் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடுவதை கோரி தம்பதியர் 1920களிலேயே அளந்திருக்கிறார்கள். அதனால்தான் நல்ல ஆய்வகங்களில் சோதனைக்குப் பல நாள் முன்பிருந்தே எலிகளைக் கையில் எடுத்துப் பழக்குகிறார்கள். ரத்தம் எடுக்கும் நுண்குழாயை முன்கூட்டியே பொருத்தி, எலி தன் கூண்டில் அமைதியாக இருக்கும்போது எடுக்கிறார்கள். பழக்காத எலியின் ரத்தத்தில் இருப்பது ஓய்வுநிலை லாக்டேட் அல்ல, அதைப் பிடித்த கையின் தடம். ஒரு கட்டுரையின் அட்டவணையில் எலியின் லாக்டேட் எண்ணைப் பார்க்கும்போது, அந்த எலி எப்படிப் பிடிக்கப்பட்டது என்று நான் முறையியல் பகுதியைத் தேடிப் போவேன். சில நேரங்களில் அங்கே அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

கார்ல் கோரியும் கெர்ட்டி கோரியும் பிராகில் ஒரே ஆண்டில், 1896இல் பிறந்தவர்கள்; 1922இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் புற்றுநோய் ஆய்வகம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தவர்கள். கட்டி லாக்டேட் தருகிறதா என்பதைச் சீவலில் அல்ல, உயிருள்ள உடலில் பார்க்க வேண்டும் என்று எண்ணினார்கள். 1925இல் அவர்கள் வெளியிட்ட சோதனைக்கு எடுத்தது கோழி. ஒரு சிறகில் ரூஸ் சார்கோமா என்னும் கட்டி, மறு சிறகு நலமாக இருக்கிறது. இரண்டு சிறகிலிருந்தும் திரும்பிவரும் சிரை ரத்தத்தை ஒப்பிட்டார்கள். கட்டியுள்ள பக்கத்து ரத்தத்தில் சர்க்கரை குறைவு, லாக்டிக் அமிலம் கூடுதல். இரண்டு ஆண்டுகள் கழித்து வார்பர்க்கும் ஃபிரான்ஸ் விண்டும் எர்வின் நெகெலைனும் கட்டி வளர்ந்த எலிகளில் தமனி ரத்தத்தையும் சிரை ரத்தத்தையும் எடுத்து அதையே உறுதிசெய்தார்கள். உள்ளே வந்த குளுக்கோஸில் 47இலிருந்து 70 விழுக்காடு வரை கட்டி எடுத்துக்கொண்டது; இயல்பான உறுப்புகள் எடுத்தது 2இலிருந்து 18 விழுக்காடு. கட்டி எடுத்துக்கொண்ட குளுக்கோஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு லாக்டேட்டாக வெளியேறியது. சீவல் பொய் சொல்லவில்லை. இன்று பெட் ஸ்கேனில் கட்டிகள் ஒளிர்வது இதே சர்க்கரைப் பசியால்தான்.

வார்பர்க் இங்கே நின்றுவிட்டார், கோரிகள் நிற்கவில்லை. வெளியேறிய லாக்டேட் எங்கே போகிறது என்பது அவர்களுடைய அடுத்த கேள்வி. பட்டினி போட்டுக் கல்லீரலின் கிளைக்கோஜனைத் தீர்த்துவிட்ட எலிகளுக்கு லாக்டேட்டைக் குழாய் வழியாக இரைப்பைக்குள் செலுத்தினார்கள். குடலில் எவ்வளவு மிஞ்சியது, எவ்வளவு உறிஞ்சப்பட்டது, சிறுநீரில் எவ்வளவு போனது, கல்லீரலில் எவ்வளவு கிளைக்கோஜன் புதிதாகச் சேர்ந்தது என்று உடல் முழுவதற்கும் வரவுசெலவு எழுதினார்கள். லாக்டேட்டுக்கு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்கள் உண்டு. உடல் உண்டாக்கும் வடிவத்தைத் தந்தபோது கல்லீரலில் கிளைக்கோஜன் சேர்ந்தது. மற்றதைத் தந்தபோது சேரவில்லை. அதில் ஒரு பகுதி சிறுநீரில் வெளியேறியது. 1929இல் அவர்கள் முழு வட்டத்தையும் வரைந்தார்கள். தசை தந்த லாக்டேட் ரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே மீண்டும் சர்க்கரையாகிறது. ரத்தத்தின் வழியாகத் தசைக்குத் திரும்புகிறது. பல பல்கலைக்கழகங்கள் கணவன் கார்லை மட்டும் அழைத்தன, மனைவியோடு சேர்ந்து ஆராய்வதை விட்டுவிடச் சொன்னவையும் உண்டு. செயின்ட் லூயிஸில் இருவருக்கும் இடம் கிடைத்தாலும் கெர்ட்டிக்கு நீண்ட காலம் பெயரளவுச் சம்பளத்தில் உதவி நிலைப் பதவிதான். பேராசிரியர் ஆனது 1947இல், நோபல் பரிசு வந்த அதே ஆண்டில். தசையில் கழிவாகத் தெரிந்தது கல்லீரலில் சரக்காகிறது என்று காட்டிய ஆய்வில் அவருடைய கையும் கணவரின் கையும் பிரித்துச் சொல்ல முடியாதபடி கலந்திருக்கின்றன.

உறுப்பைத் தனியாக வெட்டியெடுத்தால் லாக்டேட் கழிவாகத்தான் தெரியும், ஏனென்றால் அதை வாங்கிக்கொள்ள வேண்டியவர் வெட்டிய கோட்டுக்கு அப்பால் போய்விட்டார். நான் இந்த ஆய்வுகளைப் படித்துச் சேர்த்துவைத்திருக்கும் எண்ணம் இதுதான். அதன் வலுவான சான்று பெர்க்லியில் ஓடுபொறியில் ஓடிய எலிகளிடமிருந்து வந்தது.

1973இல் ஜார்ஜ் புரூக்ஸும் கூட்டாளிகளும் களைத்து விழும்வரை ஓடவிட்ட எலிகளுக்குக் கதிரியக்கக் கார்பன் பொதிந்த லாக்டேட்டைச் செலுத்தினார்கள். ஓட்டத்தில் சேர்ந்த லாக்டேட் ஓய்வில் கிளைக்கோஜனாகத் திரும்புகிறது, அதற்கான செலவைத்தான் ஓடி முடித்தபின் மூச்சிரைத்து ஈடுசெய்கிறோம் என்று அதுவரை பாடநூல்கள் சொல்லிவந்தன. 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பெற்ற ஹில்லும் மேயர்ஹாஃபும் தவளைத் தசையில் கண்டதிலிருந்து வளர்ந்த கருத்து அது. எலிகளில் அந்தக் கார்பன் கிளைக்கோஜனில் கொஞ்சம்தான் அகப்பட்டது. பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியே வந்தது. எலி லாக்டேட்டை எரித்திருந்தது.

பத்து ஆண்டு கழித்து டோனவனும் புரூக்ஸும் செய்த சோதனை இதைவிடக் கூர்மையானது. பயிற்சி பெற்ற ஓட்டக்காரரின் ரத்தத்தில், அதே வேகத்தில் ஓடும் பயிற்சியில்லாதவரைவிட லாக்டேட் குறைவாக இருக்கும். பயிற்சியால் தசைக்கு ஆக்சிஜன் நன்றாகக் கிடைக்கிறது, அதனால் லாக்டேட் குறைவாக உண்டாகிறது என்று எல்லோரும் விளக்கினார்கள். நினைத்துப் பார்த்தால் அது அளக்காமலே எடுத்த முடிவு. ஏரியின் மட்டத்தைப் பார்த்து அன்று எவ்வளவு நீர் வந்தது என்று சொல்லிவிட முடியாது. வரத்துக் கால்வாய் நிறைய ஓடியும் மதகு அகலத் திறந்திருந்தால் மட்டம் தாழ்ந்தே இருக்கும். அவர்கள் பயிற்சி தந்த எலிகளையும் தராதவற்றையும் ஓடவிட்டு, தடமறிக் கார்பனைச் சொட்டுச்சொட்டாகச் செலுத்தி, வரத்தையும் வடிகாலையும் தனித்தனியே கணக்கிட்டார்கள். இரண்டு வகை எலிகளும் ஒரே அளவுக்கு லாக்டேட் உண்டாக்கின. பயிற்சி பெற்றவை அதை விரைவாக வாங்கிச் செலவழித்தன, அவ்வளவுதான். 1983இல் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பே முடிவைச் சொல்லிவிடுகிறது: பயிற்சி மாற்றுவது லாக்டேட்டை அகற்றும் வேகத்தை, அது உண்டாகும் வேகத்தை அல்ல.

தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவரின் கோப்பில் லாக்டேட் எண் இருக்கும். கடும் தொற்றில் ரத்த அழுத்தம் சரிந்தவருக்கு, லிட்டருக்கு 2 மில்லிமோலைத் தாண்டிய லாக்டேட் அந்த அதிர்ச்சிநிலையின் 2016ஆம் ஆண்டு வரையறையிலேயே இடம்பெற்றிருக்கிறது. அந்த எண் ஏறினால் கவலைப்பட வேண்டும் என்பது சரிதான். ஏறியவர்களில் இறப்பு கூடுதல் என்று மருத்துவம் கண்டிருக்கிறது. ஆனால் ஏறிய லாக்டேட் எல்லாம் ஆக்சிஜன் இல்லாத திசுவின் அழுகுரல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கச் செலுத்தும் அட்ரினலினே லாக்டேட்டை ஏற்றும். கல்லீரல் தளர்ந்து வாங்கிக்கொள்ளாவிட்டாலும் ஏறும். எலியின் ஓடுபொறியில் அறிந்த, வரத்துக்கும் வடிகாலுக்குமான வேறுபாடு அந்தப் படுக்கையருகே மருந்தின் தேர்வாகவும் மாறலாம்.

ஒரே உறுப்புக்குள் கைமாறுவது இன்னும் அழகானது. எலியின் விந்தகத்தில் செர்ட்டோலி செல்கள் என்பவை வளரும் விந்துச் செல்களைச் சூழ்ந்து தாங்கி நிற்கின்றன. அந்த விந்துச் செல்களுக்கும் ரத்தத்துக்கும் இடையே இறுகிய தடுப்பு உண்டு. இளம் எலிகளிலிருந்து செர்ட்டோலி செல்களைப் பிரித்து வளர்த்தபோது, அவை எடுத்துக்கொண்ட குளுக்கோஸில் பெரும்பகுதியை லாக்டேட்டாக வெளியே விட்டன. 1981இல் ராபின்சனும் ஃபிரிட்ஸும் அதை அளந்தார்கள். அடுத்த ஆண்டு மிட்டாவும் ஹாலும் மறுபக்கத்தைக் காட்டினார்கள்: எலியின் உருண்டை விந்தணு முன்செல்களுக்குக் குளுக்கோஸைத் தந்தால் அவற்றால் தம்மைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை, லாக்டேட் தந்தால் தாங்கின. பிட்யூட்டரியிலிருந்து வரும் எஃப்எஸ்எச் ஹார்மோன் செர்ட்டோலி செல்லின் லாக்டேட் உற்பத்தியைக் கூட்டுகிறது. இங்கே லாக்டேட் உண்டாவதை மூச்சுப் பழுது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் செர்ட்டோலி செல்லை மட்டும் தனியே தட்டில் வைத்துப் பார்த்திருந்தால், வாங்குபவர் அருகில் இருப்பதே தெரிந்திருக்காது.

மூளையில் கதை இன்னும் முடியவில்லை. 1988இல் கென்டக்கியின் லூயிவில்லில் ஷுர், வெஸ்ட், ரிகோர் மூவரும் எலியின் ஹிப்போகேம்பஸ் சீவல்களுக்குக் குளுக்கோஸை நிறுத்தி லாக்டேட்டை மட்டும் தந்தார்கள். நரம்புச் சந்திகளின் மின்விடை தொடர்ந்தது. 2011இல் அல்பெரினியின் குழு உயிருள்ள எலிகளில் இன்னொரு படி போனது. இருண்ட அறைக்குள் போனால் காலில் மின்னதிர்ச்சி கிடைக்கும் என்று ஒருமுறை கற்ற எலி மறுநாள் அங்கே போகத் தயங்கும். நியூரான்களைச் சூழ்ந்திருக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகளின் கிளைக்கோஜன் உடையாமல் மருந்தால் தடுத்தபோது மறுநாள் நினைவு நிலைக்கவில்லை. கூடவே லாக்டேட்டை ஹிப்போகேம்பஸில் செலுத்தினால் நினைவு நின்றது. லாக்டேட்டை நியூரானுக்குள் விடும் வாயிலையே குறைத்துவிட்டால் லாக்டேட் தந்தும் பயனில்லை. ஆஸ்ட்ரோசைட் தர நியூரான் வாங்குகிறது என்ற படம் இதிலிருந்து வலுப்பெற்றது. நியூரானே குளுக்கோஸை எடுத்துத் தன் தேவையைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்கிறது என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். அவர்களிடமும் நல்ல அளவுகள் உண்டு. எனக்கு முதல் தரப்பின் மேல் சாய்வு இருந்தாலும், ஆஸ்ட்ரோசைட் மட்டும் வளரும் தட்டிலிருந்து மூளைக்குத் தாவும் வாதங்களை நான் எடுத்துக்கொள்வதில்லை.

தட்டின் மீதான என் ஐயத்துக்குக் காரணம் உண்டு. எலிச் செல் வரிசைகள் ஆய்வகங்களில் பல. எலியின் தசையிலிருந்து வந்த எல்6, மூளைக் கட்டியிலிருந்து வந்த சி6, கரு இதயத்திலிருந்து வந்த எச்9சி2, அட்ரினல் கட்டியிலிருந்து வந்த பிசி12. இவற்றுக்கு வழக்கமாக ஊற்றும் வளர்ப்பு ஊடகம் ஒன்றில் லிட்டருக்கு 25 மில்லிமோல் குளுக்கோஸ் இருக்கிறது. எலியின் ரத்தத்தில் இருப்பது அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. சர்க்கரையில் மூழ்கிய செல், காற்று இருந்தும் சர்க்கரையைப் பிளந்து லாக்டேட் தரும். குளுக்கோஸ் மிகுதி மூச்சையே அடக்குவதை ஹெர்பர்ட் கிராப்ட்ரீ 1929இலேயே கட்டிகளில் கண்டார். அமிலம் சேரச் சேர ஊடகத்தின் சிவப்பு இரண்டு நாளில் மஞ்சளாகிறது. ஒரு துளி எடுத்து, லாக்டேட் டீஹைட்ரோஜினேஸ் நொதியைச் சேர்த்து, 340 நானோமீட்டர் ஒளியில் படித்தால் எண் கிடைக்கும். அதை 'லாக்டேட் உற்பத்தி' என்று எழுதிவிடுகிறார்கள். அது உற்பத்தி அல்ல. உற்பத்தியில் செல் தானே திரும்ப எடுத்துக்கொண்டது போக மிஞ்சியது. அந்தத் தட்டில் ரத்தம் ஓடவில்லை, கல்லீரல் இல்லை, இதயம் இல்லை. செல்லின் இயல்பைக் குறிக்கும் எண்ணும் ஊடகத்தின் சர்க்கரையைக் குறிக்கும் எண்ணும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

வார்பர்க்கின் முடிவு எலியிலேயே தடுமாறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய 1956 கட்டுரைக்கு சிட்னி வைன்ஹவுஸ் அதே 'சயன்ஸ்' இதழில் மறுப்பு எழுதினார்: தடமறிக் கார்பனை வைத்துப் பார்த்தால் கட்டிகள் பெரும்பாலும் நன்றாகவே மூச்சுவிடுகின்றன. பிறகு ஹரால்டு மோரிஸ் எலிகளில் வளர்த்தெடுத்த, மெதுவாக வளரும் கல்லீரல் கட்டிகள் வந்தன. 1961இல் ஐசன்பெர்க்கும் மோரிஸும் அவற்றில் 5123 என்று எண்ணிடப்பட்ட ஒன்றை அளந்தபோது, காற்றில் அது அதிக லாக்டேட் தரவில்லை. கட்டியாக இருந்தும் தரவில்லை. விழித்திரை கட்டியாக இல்லாமலே தருகிறது. காற்றில் லாக்டேட் தருவது புற்றுநோயின் பிறப்பிடம் என்ற வாதம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க முடியாது. வேகமாக வளரும் செல் தன் உடலைக் கட்டுவதற்கான பொருள்களுக்காகச் சர்க்கரையை இந்த வழியில் ஓட்டுகிறது என்ற விளக்கம் எனக்குக் கூடுதல் பொருத்தமாகப் படுகிறது.

இதில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து கற்றது. பிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் 1906வாக்கில் தொடங்கிய வெள்ளை எலி வளர்ப்பின் வழிவந்தவை இன்று இந்திய ஆய்வகங்கள் பலவற்றிலும் இருக்கின்றன. சரியாகப் பழக்காமல், உறையவைக்கத் தாமதித்து, ஊடகத்தின் சர்க்கரையைக் குறிக்காமல் எடுத்த ஓர் எண்ணுக்காக ஓர் எலி இறந்திருந்தால், அந்தச் சாவு எதையும் சொல்லித்தரவில்லை. இதை விலங்கு நலத்தின் பெயரில் மட்டும் சொல்லவில்லை. வேதியியலின் பெயரிலும் சொல்கிறேன். முறையியல் பகுதியில் எழுத மறுக்கும் நிமிடங்களும் மில்லிமோல்களும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

ஓட்டத்தை அளக்கும் முறைக்கும் தன் குறை உண்டு. புரூக்ஸின் எலிகளையும் இந்தக் கேள்வியிலிருந்து விலக்க முடியாது. லாக்டேட்டைப் பைருவேட்டாக்கும் நொதி இரு திசையிலும் விரைவாக ஓடக்கூடியது. தடமறிக் கார்பன் ஒரு லாக்டேட்டிலிருந்து பைருவேட்டுக்குத் தாவ, தடமில்லாத வேறொரு பைருவேட் லாக்டேட்டாகத் திரும்பலாம். அப்போது நிகரமாக எதுவும் உண்டாகாமல், எதுவும் செலவாகாமல், கணக்கில் மட்டும் பெரிய வரத்தும் பெரிய வடிகாலும் தோன்றும். தடமறி எண்களில் எவ்வளவு உண்மை ஓட்டம், எவ்வளவு இந்தக் கைமாற்று என்ற வாதம் அந்தக் கட்டுரைகள் வந்த காலத்திலிருந்தே நடக்கிறது. உறுப்புக்குள் போகும் தமனியிலும் வெளிவரும் சிரையிலும் லாக்டேட்டின் அளவை எடுத்து, ரத்த ஓட்டத்தால் பெருக்கினால் நிகரக் கணக்கு தடத்தின் துணையின்றிக் கிடைக்கும். ஆனால் உள்ளே ஒரு செல் தந்து அடுத்த செல் வாங்கியது அதில் தெரியாது. இரண்டு அளவுகளையும் ஒரே எலியில், ஒரே வேளையில், அது பழகிய கூண்டில் இருக்கும்போது எடுப்பது கடினமான வேலை. அப்படி எடுத்தவர்களின் எண்களை நான் மற்றவற்றுக்கு முன்னால் வைத்துப் படிக்கிறேன்.